தாம்பரம் பகுதியில் தொடக்கப் பள்ளிச் சேர்க்கைப் போட்டி

தொடக்கப் பள்ளிச் சேர்க்கைப் போட்டி என்பது, பெயர் பெற்ற சில பள்ளிகளின் நுழைவு வகுப்பில் உள்ள இடங்களை விட அவற்றைக் கோரும் விண்ணப்பங்கள் மிகுதியாக இருப்பதால் ஏற்படும் நிலையைக் குறிக்கும். சென்னையின் தெற்குப் புறநகர்ப் பகுதிகளான தாம்பரம், சேலையூர், செம்பாக்கம், மேடவாக்கம், குரோம்பேட்டை, பல்லாவரம், பெருங்களத்தூர், முடிச்சூர் ஆகிய இடங்களில் இப்போட்டி முதல் வகுப்பு வரை காத்திருப்பதில்லை. குழந்தைக்கு மூன்று வயது நிறையும் முன்னரே, எல்.கே.ஜி. விண்ணப்பத்துடன் தொடங்கிவிடுகிறது. அதே பகுதியில் அரசுத் தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் மாணவர்களைச் சேர்க்க வீடு வீடாகச் செல்கின்றனர். ஒரே ஊரில் ஒரு பள்ளி வாசலில் வரிசையும் மற்றொரு பள்ளியில் காலி இருக்கையும் இருப்பதன் காரணங்களையும், இதில் சட்டம் கூறுவதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

பகுதியின் வளர்ச்சி

சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்திற்கும் இடையே 1931-இல் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. சென்னைக் கிறித்துவக் கல்லூரி 1937-இல் தாம்பரத்திற்கு இடம்பெயர்ந்தது. விமானப்படைத் தளம், ரயில்வே பணிமனை, 1984-இல் அமைந்த ஏற்றுமதி மண்டலம் (மெப்ஸ்) ஆகியவை இப்பகுதிக்கு மாதச் சம்பளக் குடும்பங்களைக் கொண்டுவந்தன. 2000-இல் தரமணியில் டைடல் பூங்கா திறக்கப்பட்டு, பழைய மாமல்லபுரம் சாலையில் தகவல் தொழில்நுட்ப நிறுவனங்கள் பெருகிய பிறகு, வேளச்சேரி – தாம்பரம் சாலையின் இருபுறமும் அடுக்குமாடிக் குடியிருப்புகள் எழுந்தன.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தாம்பரம் நகராட்சியில் மட்டும் சுமார் 1.75 லட்சம் பேர் இருந்தனர். தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய ஐந்து நகராட்சிகளும், சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, திருநீர்மலை ஆகிய ஐந்து பேரூராட்சிகளும் இணைக்கப்பட்டு 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சி உருவானது.

இவ்வாறு குடியேறியவர்களில் பலர் வெளி மாவட்டங்களிலிருந்தும் பிற மாநிலங்களிலிருந்தும் வந்த இளம் குடும்பத்தினர். ஊரில் எந்தப் பள்ளியில் யார் நன்றாகப் பாடம் நடத்துகிறார்கள் என்பது இவர்களுக்குத் தெரியாது. அக்கம்பக்கத்தார் சொல்லும் பெயர், பொதுத்தேர்வு முடிவு விளம்பரம், குடியிருப்பின் வாட்ஸ்அப் குழு ஆகியவையே இவர்களுக்கு வழிகாட்டி. ஆகவே எல்லோருடைய விருப்பமும் ஒரு சில பள்ளிகள் மீதே குவிகிறது.

பள்ளிகளின் வகைகள்

இப்பகுதியில் தொடக்கக் கல்வி அளிக்கும் பள்ளிகளைப் பின்வருமாறு பிரிக்கலாம்.

- அரசுப் பள்ளிகள்: இவற்றுள் பல, ஊர் மாநகராட்சியான பின்பும் ஊராட்சி ஒன்றியப் பள்ளி என்ற பெயராலேயே அறியப்படுகின்றன.
- அரசு உதவி பெறும் பள்ளிகள்: ஆசிரியர் ஊதியத்தை அரசு தருகிறது, நிர்வாகம் தனியாரிடம் இருக்கிறது.
- நர்சரி மற்றும் பிரைமரி பள்ளிகள், மெட்ரிகுலேஷன் பள்ளிகள்: சுயநிதிப் பள்ளிகள், மாநிலப் பாடத்திட்டம்.
- சி.பி.எஸ்.இ. பள்ளிகள்: பெரும்பாலும் சுயநிதிப் பள்ளிகள்.
- கேந்திரிய வித்யாலயா: மத்திய அரசின் பள்ளிகள். தாம்பரம் விமானப்படைத் தளத்தை ஒட்டி இவை இயங்குகின்றன.

போட்டி என்று பேசப்படுவது கடைசி மூன்று வகைகளிலும், உதவி பெறும் பள்ளிகளுள் சிலவற்றிலும் மட்டுமே நிகழ்கிறது.

போட்டிக்கான காரணங்கள்

முதற்காரணம், நுழைவாயில் ஒன்றே என்பது. எல்.கே.ஜி.யில் சேரும் குழந்தை பெரும்பாலும் பன்னிரண்டாம் வகுப்பு வரை அங்கேயே படிக்கும். இடையில் யாராவது மாற்றலாகிப் போனால்தான் இடம் காலியாகும். 'இப்போது விட்டால் பிறகு கிடைக்காது' என்ற எண்ணம் பெற்றோருக்கு இதனால்தான் வருகிறது.

இரண்டாவது, பாடத்திட்ட மாற்றம். மாநில வாரியம், மெட்ரிகுலேஷன், ஆங்கிலோ இந்தியன், ஓரியண்டல் என நான்காக இருந்த மாநிலப் பாடத்திட்டங்கள், 2010-ஆம் ஆண்டின் சமச்சீர் கல்விச் சட்டத்தால் ஒன்றாயின. 2011 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் அது பத்தாம் வகுப்பு வரை நடைமுறைக்கு வந்தது. மெட்ரிகுலேஷன் என்பதற்கு இருந்த தனி மதிப்பு குறைந்ததாகக் கருதிய பெற்றோர் சி.பி.எஸ்.இ. பள்ளிகளை நாடினர், பல நிர்வாகங்களும் அப்பக்கம் திரும்பின. மருத்துவச் சேர்க்கைக்கு நீட் தேர்வு வந்தபின் இந்த நாட்டம் மேலும் கூடியது.

மூன்றாவது, நிலம். 2004-இல் கும்பகோணத்தில் பள்ளித் தீ விபத்தில் 94 குழந்தைகள் இறந்த பின்னர், பள்ளிகளின் கட்டட, நில விதிகள் கடுமையாயின. சிட்டிபாபு குழுவின் பரிந்துரைப்படி ஒரு பள்ளிக்கு மாநகராட்சிப் பகுதியில் 6 கிரவுண்டு, மாவட்டத் தலைநகரில் 8 கிரவுண்டு, நகராட்சியில் 10 கிரவுண்டு, பேரூராட்சியில் 1 ஏக்கர், ஊராட்சியில் 3 ஏக்கர் என்ற அளவில் குறைந்தபட்ச நிலம் வேண்டும். ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி. குழந்தைகளின் பாதுகாப்பிற்கு இவ்விதி தேவையானது. ஆனால் வீட்டுமனை விலை ஏறிய தாம்பரத்தில் இவ்வளவு நிலம் வாங்கிப் புதிய பள்ளி தொடங்குவது எளிதன்று. அதனால் குடியிருப்புகள் பெருகிய வேகத்தில் பள்ளிகள் பெருகவில்லை.

விண்ணப்ப எண்ணிக்கை காட்டும் தோற்றம்

போட்டியின் உண்மையான அளவைப் புரிந்துகொள்ள ஒரு கற்பனைக் கணக்கு உதவும்.

ஒரு பகுதியில் ஐந்து பள்ளிகள் உள்ளன. ஒவ்வொன்றிலும் எல்.கே.ஜி.யில் 100 இடங்கள். மொத்தம் 500 இடங்கள். சேர வேண்டிய குழந்தைகள் 400 பேர் மட்டுமே. எல்லோரையும் சேர்த்த பிறகும் 100 இடங்கள் மிஞ்ச வேண்டும். ஆனால் எங்காவது கிடைக்கட்டும் என்று ஒவ்வொரு பெற்றோரும் ஐந்து பள்ளிகளிலும் விண்ணப்பிக்கிறார்கள். இப்போது ஒவ்வொரு பள்ளியிலும் 400 விண்ணப்பங்கள் சேர்ந்துவிடும். '100 இடத்திற்கு 400 பேர்' என்ற செய்தி ஊரெங்கும் பரவும். அடுத்த ஆண்டுப் பெற்றோர் அதைக் கேட்டு அஞ்சி, எட்டுப் பள்ளிகளில் விண்ணப்பிப்பார்கள். குழந்தைகளின் எண்ணிக்கை கூடாமலே போட்டி கூடியதாகத் தோன்றும்.

போட்டியே இல்லை என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. 400 பேரும் ஒரே பள்ளியை முதல் விருப்பமாகக் கொண்டால் அந்தப் பள்ளியில் நெருக்கடி உண்மையானதே. மேலும் 100 இடங்களும் பொதுப் போட்டிக்கு வருவதில்லை. 25 இடங்கள் கல்வி உரிமைச் சட்ட ஒதுக்கீட்டிற்குப் போனால் மீதம் 75. அவற்றுள் அண்ணன், அக்கா அங்கே படிக்கும் குழந்தைகள் 30, ஆசிரியர் குழந்தைகள் 5 என்று வைத்தால், வெளியிலிருந்து வருவோர்க்கு 40 இடங்களே எஞ்சும்.

எத்தனை குழந்தைகள் உண்மையிலேயே இடமின்றித் தவிக்கிறார்கள், எத்தனை பேருக்கு முதல் விருப்பம் மட்டும் கிடைக்கவில்லை என்ற இரண்டையும் பிரித்தறிய வேண்டுமானால், இடங்களும் விண்ணப்பங்களும் பள்ளி வாரியாக வெளியிடப்பட வேண்டும். தனியார் பள்ளிகளில் அந்த வழக்கம் இல்லை. எண்ணிக்கை தெரியாத இடத்தில் வதந்தி வேலை செய்கிறது.

பள்ளிகள் தேர்ந்தெடுக்கும் முறைகள்

முன்பு விண்ணப்பப் படிவம் வாங்குவதற்கே பெற்றோர் முதல் நாள் இரவிலிருந்து பள்ளி வாசலில் காத்திருப்பது சென்னையில் வழக்கமான காட்சி. இணையவழி விண்ணப்பம் வந்தபின் அது குறைந்துள்ளது. அதன் பிறகு நடப்பவை பொதுவாக இவை: குழந்தையுடன் 'சந்திப்பு' என்ற பெயரில் நிறம், எழுத்து, எண் கேட்பது, பெற்றோரின் படிப்பு, வேலை, வருமானம் பற்றிக் கேட்பது, முன்னாள் மாணவர், பணியாளர் பரிந்துரை, முதலில் வந்தவருக்கு முதலிடம், குலுக்கல்.

இவற்றுள் குலுக்கலைத் தவிர மற்றவை ஏதோ ஒரு வகையில் பெற்றோரின் நிலையையே அளக்கின்றன. மூன்று வயதுக் குழந்தை புதியவர் முன் வாய் திறக்காமல் இருப்பது இயல்பு. ஒரு குழந்தை ஒரு நாள் பேசும், மறுநாள் பேசாது என்பது மழலை வகுப்பு ஆசிரியர் அனைவரும் அறிந்தது. பத்து நிமிடச் சந்திப்பில் அதன் அறிவை எடைபோட இயலாது. வீட்டில் ஆங்கிலம் பேசுகிறார்களா, பிளே ஸ்கூலுக்குப் பணம் கட்ட முடிந்ததா என்பதுதான் அதில் தெரியும்.

சட்ட நிலை

2002-ஆம் ஆண்டின் 86-ஆவது அரசமைப்புத் திருத்தம் 6 முதல் 14 வயது வரையிலான கல்வியை அடிப்படை உரிமையாக்கியது. அதனைச் செயற்படுத்தும் குழந்தைகளுக்கான இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009-இல் நிறைவேறி, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. சேர்க்கை குறித்து அதன் முக்கிய விதிகள்:

- பிரிவு 13: நன்கொடை வாங்கக் கூடாது, வாங்கினால் அத்தொகையைப் போல் பத்து மடங்கு வரை அபராதம். குழந்தையையோ பெற்றோரையோ வடிகட்டும் தேர்வுமுறை கூடாது. மீறினால் முதல் முறை 25,000 ரூபாய் வரையும், அடுத்த ஒவ்வொரு முறையும் 50,000 ரூபாய் வரையும் அபராதம்.
- பிரிவு 14: வயதுச் சான்று இல்லை என்பதற்காகச் சேர்க்கையை மறுக்கக் கூடாது.
- பிரிவு 15: கல்வியாண்டு தொடங்கிய பின் வந்தாலும் சேர்க்கையை மறுக்கக் கூடாது.

ஒரு குழந்தையை விட்டு மற்றொன்றைத் தேர்ந்தெடுக்கும் முறைகளில், குலுக்கல் போன்ற வாய்ப்பு முறை தவிர மற்ற அனைத்தையும் வடிகட்டல் என்றே சட்டம் வரையறுக்கிறது. எனினும் 2010 நவம்பரில் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதல், உடன்பிறந்தோர், தொலைவு போன்ற பிரிவுகளைப் பள்ளிகள் முன்னரே அறிவித்து, அப்பிரிவுகளுக்குள் குலுக்கல் நடத்த இடமளித்தது.

இங்கே ஓர் இடைவெளி உள்ளது. சட்டத்தில் 'குழந்தை' என்பது 6 முதல் 14 வயதுடையவர். போட்டி நடப்பதோ மூன்று வயதில். 25 விழுக்காட்டு ஒதுக்கீடு மழலை வகுப்புக்கும் பொருந்தும் என்று சட்டம் தெளிவாகக் கூறுகிறது. மீதமுள்ள 75 விழுக்காட்டு மழலையர் இடங்களுக்கு வடிகட்டல் தடை பொருந்தாது என்று தில்லி உயர் நீதிமன்றம் 2013 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. சட்டத்தைத் திருத்துவது குறித்து அரசு எண்ணிப்பார்க்க வேண்டும் என்றும் அத்தீர்ப்பு கூறியது. முதல் வகுப்பில் வடிகட்டலைத் தடுத்த சட்டம், அதற்கு முந்தைய வாசலை முழுதாக அடைக்கவில்லை.

தமிழ்நாட்டில் நன்கொடைக்கு எதிராக 1992-ஆம் ஆண்டுச் சட்டமும், கட்டணத்தை நிர்ணயிக்க 2009-ஆம் ஆண்டுச் சட்டமும் உள்ளன. பின்னதன்படி அமைக்கப்பட்ட நீதிபதி கோவிந்தராஜன் குழு 2010-இல் பள்ளி வாரியாகக் கட்டணங்களை அறிவித்தது. அக்குழு இன்றும் வேறு தலைவர்களின் கீழ்த் தொடர்கிறது.

25 விழுக்காட்டு ஒதுக்கீடு

சட்டத்தின் 12-ஆம் பிரிவின்படி, சிறுபான்மையினர் நடத்தாத சுயநிதிப் பள்ளிகள் நுழைவு வகுப்பில் குறைந்தது 25 விழுக்காட்டு இடங்களை நலிவடைந்த பிரிவினருக்கும் வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவினருக்கும் கட்டணமின்றி அளிக்க வேண்டும். தமிழ்நாட்டில் ஆண்டு வருமானம் 2 லட்சம் ரூபாய்க்குக் குறைவான குடும்பங்கள் நலிவடைந்த பிரிவில் அடங்கும். தொடக்க வகுப்புகளுக்குப் பள்ளியிலிருந்து ஒரு கிலோமீட்டர் தொலைவு வரையிலான குடியிருப்பு அண்மைப் பகுதியாகக் கொள்ளப்படுகிறது. விண்ணப்பங்கள் 2017 முதல் இணையவழியில் பெறப்படுகின்றன. ஆதரவற்ற குழந்தைகள், மாற்றுத்திறனாளிக் குழந்தைகள் முதலிய சிறப்புப் பிரிவினருக்கு முன்னுரிமை உண்டு. இடங்களை விட விண்ணப்பங்கள் மிகுந்தால் குலுக்கல் நடைபெறும்.

தாம்பரம் பகுதியில் இந்த ஒதுக்கீட்டின் பயன் மூன்று காரணங்களால் குறைகிறது. ஒன்று, சிறுபான்மைப் பள்ளிகளுக்கு விலக்கு. உச்ச நீதிமன்றம் 2012 ஏப்ரலில் உதவி பெறாத சிறுபான்மைப் பள்ளிகளுக்கும், 2014 மே மாதத்தில் எல்லாச் சிறுபான்மைப் பள்ளிகளுக்கும் விலக்கு அளித்தது. பல்லாவரம் முதல் தாம்பரம் வரை நீண்டகாலமாகப் பெயர் பெற்ற பள்ளிகளுள் பல கிறித்தவ அமைப்புகள் நடத்துபவை. இரண்டு, ஒரு கிலோமீட்டர் எல்லை. வாடகை குறைந்த உட்பகுதிகளில் வாழும் குடும்பங்கள் பெரிய பள்ளிகள் உள்ள முதன்மைச் சாலைகளுக்கு அப்பால் இருக்கின்றன. ரயில் பாதை ஊரைக் கிழக்கு, மேற்கு என இரண்டாகப் பிரிப்பதால், வரைபடத்தில் அருகே தெரியும் பள்ளிக்கும் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருக்கும். மூன்று, இந்த இலவசம் எட்டாம் வகுப்பு வரைதான். ஒன்பதாம் வகுப்பில் முழுக் கட்டணமும் குடும்பத்தின் தலையில் விழும். சீருடை, புத்தகம், வேன் செலவும் முன்பிருந்தே சேர்ந்துவரும்.

இத்திட்டம் அரசுகளின் நிதி உறவையும் சார்ந்துள்ளது. மத்திய அரசிடமிருந்து நிதி வராத நிலையில் 2025-26 ஆம் ஆண்டுச் சேர்க்கை கோடையில் நடைபெறவில்லை. வழக்குச் சென்னை உயர் நீதிமன்றம் வரை சென்றது. நிதி விடுவிக்கப்பட்ட பின், பள்ளிகள் திறந்து நான்கு மாதம் கழித்து, அக்டோபரில்தான் சேர்க்கைப் பணி தொடங்கியது. அதற்குள் பல ஏழைக் குடும்பங்கள் கடன் வாங்கியாவது கட்டணம் செலுத்த வேண்டிய நிலையில் இருந்தன.

கேந்திரிய வித்யாலயாவும் வயது வரம்பும்

கேந்திரிய வித்யாலயாக்களில் எட்டாம் வகுப்பு வரை கல்விக் கட்டணம் இல்லை. வளர்ச்சி நிதியாக மாதம் 500 ரூபாய் பெறப்படுகிறது. சேர்க்கை வெளிப்படையான வரிசையில் நடைபெறும்: கல்வி உரிமை ஒதுக்கீடு குலுக்கல் மூலம், அடுத்து இடமாற்றத்திற்கு உட்பட்ட மத்திய அரசு ஊழியர், படைவீரர் ஆகியோரின் குழந்தைகள், பிறகு மற்றவர்கள். விமானப்படைத் தளம் அருகிலிருப்பதால் தாம்பரத்தில் முதற்பிரிவினரே மிகுதி. தனியார் ஊழியரின் குழந்தைக்கு வாய்ப்பு குறைவு. நாடாளுமன்ற உறுப்பினர் பரிந்துரை ஒதுக்கீடு 2022-இல் நீக்கப்பட்டது.

வயதில் ஒரு வேறுபாட்டைப் பெற்றோர் கவனிக்க வேண்டும். தமிழ்நாட்டுப் பள்ளிகளில் ஜூலை 31 அன்று 5 வயது நிறைந்த குழந்தை முதல் வகுப்பில் சேரலாம். கேந்திரிய வித்யாலயாவில் 2022-23 முதல், மார்ச் 31 அன்று 6 வயது நிறைந்திருக்க வேண்டும். எல்.கே.ஜி., யு.கே.ஜி. முடித்த ஐந்து வயதுக் குழந்தை அங்கே சேர ஓராண்டு காத்திருக்க நேரிடும்.

விளைவுகள்

அருகிலுள்ள பள்ளியை விட்டுத் தொலைவிலுள்ள பள்ளியைத் தேடுவதால் சிறு குழந்தைகள் நாள்தோறும் வேனிலும் பேருந்திலும் நெடுநேரம் பயணம் செய்கின்றனர். 2012 ஜூலை 25 அன்று முடிச்சூரில், பள்ளிப் பேருந்தின் தளத்திலிருந்த ஓட்டை வழியே விழுந்து இரண்டாம் வகுப்பு மாணவி ஒருவர் உயிரிழந்தார். உயர் நீதிமன்றம் தாமாக முன்வந்து விசாரித்தது. அவ்வாண்டே பள்ளி வாகனங்களுக்கான சிறப்பு விதிகளைத் தமிழ்நாடு அரசு வெளியிட்டது. ஆண்டுதோறும் மே மாதத்தில் பள்ளி வாகனங்களை வட்டாரப் போக்குவரத்து அலுவலர்கள் ஆய்வு செய்வது நாம் காணும் காட்சி.

பணச்சுமை மற்றொரு விளைவு. பல பள்ளிகளுக்கு விண்ணப்பக் கட்டணம், இடத்தை உறுதிசெய்ய முன்பணம், பின்னர் விரும்பிய பள்ளி கிடைத்தால் முன்பணத்தை இழப்பது என்று செலவு பெருகுகிறது. குழந்தைக்கும் இழப்புண்டு. விளையாடிப் பழக வேண்டிய வயதில் கேள்விக்கு விடை சொல்லப் பழக்கப்படுகிறது. இடம் கிடைக்காதபோது வீட்டில் பேசப்படும் சொற்கள் அதன் காதிலும் விழும்.

அரசுப் பள்ளிகளின் நிலை

இதே ஆண்டுகளில் அரசுப் பள்ளிகள் எதிர்த்திசையில் போராடி வருகின்றன. 2012-13 முதல் ஆங்கில வழிப் பிரிவுகள் பரவலாகத் தொடங்கப்பட்டன. 2019 ஜனவரியில் 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகள் ஆரம்பமாயின. 2022-இல் எண்ணும் எழுத்தும் திட்டமும், செப்டம்பர் 15 அன்று முதலமைச்சரின் காலை உணவுத் திட்டமும் தொடங்கின. 2024-இல் மாணவர் சேர்க்கை மார்ச் 1 அன்றே தொடங்கப்பட்டது. தனியார் பள்ளிகள் முந்திக்கொள்வதை ஈடுசெய்வதே இதன் நோக்கம்.

மழலை வகுப்பு இல்லாத அரசுத் தொடக்கப் பள்ளிக்கு ஒரு பெருங்குறை உண்டு. மூன்று வயதில் தனியார் பள்ளிக்குப் போன குழந்தை ஐந்து வயதில் திரும்பி வருவது அரிது. கற்பித்தல் எவ்வளவு சிறந்ததாக இருந்தாலும், போட்டி முடிந்த பிறகே அப்பள்ளியின் கதவு திறக்கிறது.

பிற இடங்களில்

சிங்கப்பூரில் முதல் வகுப்புப் பதிவு பல கட்டங்களாக நடைபெறுகிறது. உடன்பிறந்தோர் முதற்கட்டத்தில் இடம்பெறுவர். பின்வரும் கட்டங்களில் விண்ணப்பங்கள் மிகுந்தால், 1 கிலோமீட்டருக்குள், 1 முதல் 2 கிலோமீட்டர், அதற்கு அப்பால் என்ற வரிசையில் தொலைவு பார்த்துக் குலுக்கல் நடத்துவர். ஒவ்வொரு பள்ளியின் காலியிடமும் விண்ணப்ப எண்ணிக்கையும் கட்டந்தோறும் வெளியிடப்படுகின்றன. அங்கும் போட்டி கடுமையானதே. ஆனால் விதியும் எண்ணும் எல்லோர் கண்முன்னும் உள்ளன.

இலங்கையில் அரசுப் பாடசாலைகளின் தரம் 1 அனுமதியில், அண்மையில் வசிப்போருக்கு 50 விழுக்காடு, பழைய மாணவரின் பிள்ளைகளுக்கு 25, உடன்பிறந்தோருக்கு 15 என்று சுற்றறிக்கையால் பங்கிடப்பட்டு, புள்ளிகள் வழங்கப்படுகின்றன. வசிப்பிடச் சான்றுகளில் மோசடி என்ற புகார் அங்கு அடிக்கடி எழுகிறது. தொலைவை அளவுகோலாக்கினால் முகவரிக்கே விலை ஏறும் என்பதை இது காட்டுகிறது.

பெற்றோர் அறிந்திருக்க வேண்டியவை

- பிறப்புச் சான்றிதழ், வசிப்பிடச் சான்று, சாதிச் சான்றிதழ், வட்டாட்சியர் வழங்கும் வருமானச் சான்றிதழ் ஆகியவற்றை ஏப்ரலுக்கு முன்பே பெற்றுவிட வேண்டும். கல்வி உரிமை ஒதுக்கீட்டிற்கு வாய்ப்புள்ள குடும்பங்கள் தவறவிடுவது பெரும்பாலும் இங்குதான்.
- பள்ளி கேட்கும் கட்டணத்தை, கட்டண நிர்ணயக் குழு அறிவித்த தொகையுடன் ஒப்பிட்டுப் பார்க்கலாம். செலுத்தும் பணத்திற்கு ரசீது கேட்க வேண்டும்.
- சேர்க்கை விதியையும் இடங்களின் எண்ணிக்கையையும் பள்ளியிடம் எழுத்து மூலம் கேட்கலாம்.
- மீறல் இருந்தால் மாவட்டக் கல்வி அலுவலகத்தில் புகார் அளிக்கலாம்.
- வீட்டருகே உள்ள அரசுப் பள்ளியையும் உதவி பெறும் பள்ளியையும் ஒருமுறை வேலை நாளில் நேரில் சென்று பார்த்த பின்னரே முடிவு செய்வது நல்லது. ஒரு வகுப்பில் எத்தனை குழந்தைகள், எத்தனை ஆசிரியர்கள், கழிப்பறை எப்படி, மூன்றாம் வகுப்புக் குழந்தை தன் பாடத்தைத் தானே வாசிக்கிறதா என்ற நான்கும் பள்ளியின் பெயரை விட அதிகம் சொல்லும்.

தொடக்கக் கல்வியில் முப்பது மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்பது சட்டம் வகுத்த அளவு. பெயர் பெற்ற பள்ளியின் நெரிசலான வகுப்பை விட, இந்த அளவைக் காக்கும் ஒரு சிறிய பள்ளி, எழுத்தறியும் பருவத்திலுள்ள குழந்தைக்கு மேலான இடமாக அமையக்கூடும்.